வெண்மை வேறு, வெறுமை வேறு

மெய்ப்புப் பார்ப்பதில் நாம் கறாரானவர்கள். ஓரிடத்தில் ஒற்று மிகுமா மிகாதா என்று அரைமணி நேரம் வாதிடுவோம். கவிதையில் ஒரு வரி உடையும் இடம் மாறிவிட்டால் அச்சகத்தாரை உறங்க விடமாட்டோம். ஆனால் அதே இதழின் அட்டையில் உள்ள ஓவியத்தை எவரும் மெய்ப்புப் பார்ப்பதில்லை. அது வடிவமைப்பவர் பாடு என்று விட்டுவிடுகிறோம். இப்பழக்கத்தின் விலையை அண்மையில் நாமே கொடுத்தோம். அதனால்தான் இதை எழுத நேர்ந்தது.

மார்த்தாண்டத்தில் நாம் பொறுப்பேற்றிருந்த ஆண்டுமலர் ஒன்றுக்கு மாணவி ஒருத்தி மாத்தூர்த் தொட்டிப்பாலத்தைக் கணினியில் வரைந்து தந்தாள். பறளியாற்றின் மேல் 115 அடி உயர்ந்து நிற்கும் தூண்கள். அவற்றினிடையே விடியற்காலை மூடுபனி. பனிக்கென்று அவள் வெள்ளையை அப்பிவிடவில்லை. பத்தில் இரண்டு பங்கு அடர்த்தியே கொண்ட மெல்லிய வெண்படலமாக அதை வைத்திருந்தாள். அட்டையின் கரும்பச்சை அப்படலத்தினூடே கசிந்து வரவேண்டும் என்பது அவள் எண்ணம். கணினித் திரையில் அவ்வாறே வந்தது. அச்சகத்தில் ஜேபெக் கேட்டார்கள், மாற்றிக் கொடுத்தோம். மலர் கட்டுக்கட்டாக வந்திறங்கியபோது கரும்பச்சை அட்டையின் நடுவே ஒரு வெள்ளைச் சதுரம் இருந்தது. அதற்குள் பாலம் இருந்தது. தூண்களுக்கு இடையிலிருந்த பனி மட்டும் இல்லை. வெள்ளையில் வெள்ளை கரைந்துவிட்டிருந்தது.

அச்சகத்தாரைக் குறைகூறுவதற்கில்லை. மாதிரிப் படியில் எழுத்துப்பிழைகளை மட்டும் தேடிவிட்டுக் கையொப்பமிட்டவர் நாமே. மாணவி, ‘பரவாயில்லை சார்’ என்றாள். அந்தச் சொல்தான் நம்மை இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

என்ன நிகழ்ந்தது என்பதை விளங்கிக்கொள்ளப் பெரிய கணினி அறிவு வேண்டியதில்லை. திசையன் வரைகலை எனப்படும் வெக்டர் படம், வரைவதற்கான குறிப்புகளின் தொகுப்பு. ‘இங்கிருந்து அங்குவரை ஒரு வளைகோடு, அதனுள் இந்த வண்ணம், அதன் அடர்த்தி இவ்வளவு’ என்று ஒவ்வொரு உருவுக்கும் தனித்தனிக் குறிப்பு உண்டு. எவ்வளவு பெரிதாக்கினாலும் அது மங்காமல் இருப்பதற்குக் காரணம் இதுவே. ஜேபெக்கோ வண்ணப்புள்ளிகளின் கட்டம். ஒவ்வொரு புள்ளிக்கும் அங்கே ஏதேனும் ஒரு வண்ணம் இருந்தே ஆகவேண்டும். ‘இவ்விடத்தில் ஒன்றுமில்லை’ என்று எழுதிவைக்க அதில் இடம் கிடையாது. ஆகவே ஒன்றுமில்லாத இடங்களை மென்பொருள் தானே நிரப்பிவிடுகிறது. பெரும்பாலும் வெள்ளை; சில வேளைகளில் கறுப்பு. நம்மைக் கேட்டுச் செய்வதில்லை.

இது புதிய சிக்கலும் அன்று. ஒரு புள்ளியின் வண்ணத்தோடு அதன் அடர்த்தியையும் சேர்த்தே சேமிக்கலாம் என்னும் கருத்தை எட் கேட்மலும் ஆல்வி ரே ஸ்மித்தும் 1970களின் இறுதியில் முன்வைத்து, அதற்கு ஆல்ஃபா என்று பெயரிட்டனர். 1984இல் தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் இருவரும் படத்தின்மேல் படத்தை வைக்கும் கணக்கை ஒழுங்குபடுத்தி எழுதினர். அச்சுலகை மாற்றிய போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியும் அதே 1984இல்தான் வந்தது. ஆனால் அதில் ஒவ்வொரு பூச்சும் தனக்குக் கீழுள்ளதை முற்றாக மறைத்துவிடும். ஊடு தெரிதல் என்பது அதற்குத் தெரியாது. அதன் வழிவந்த ஈ.பி.எஸ். கோப்புக்கும் இதே குறை உண்டு. வலையில் பரவிய ஜிஃப் வடிவம் ‘உண்டு, இல்லை’ என்னும் இரண்டை மட்டுமே அறியும். எனவே அதில் நம் ழகரத்தின் வளைவு ஓரங்கள் பல்லிளிக்கும். 1996இல் வந்த பி.என்.ஜி.தான் அடர்த்தியின் படிநிலைகளையும் ஏந்திச் சென்றது. பி.டி.எஃப். அவ்வாற்றலைப் பெற 2001இல் வந்த அதன் 1.4ஆம் பதிப்புவரை காத்திருக்க நேர்ந்தது.

பழைய வடிவங்களுக்கு மாற்றும்போது மென்பொருள் செய்யும் வேலைக்குத் ‘தட்டையாக்கல்’ என்று பெயர் சொல்லலாம். ஒன்றன்மேல் ஒன்றாக இருந்த படலங்களை வெட்டி, துண்டுகளாக்கி, ஊடு தெரியாத ஒரே தளத்தில் அடுக்கிவிடும். படலத்தின் கீழே எழுத்துகள் இருந்தால் அவையும் வெட்டுப்படும், அல்லது புள்ளிகளாக மாறி மங்கும். தமிழெழுத்தின் புள்ளிகளும் சுழிகளும் முதலில் பலியாகும். இதில் கவலைக்குரியது ஒன்று உண்டு. மூலத்திலிருந்து ஜேபெக்கை எத்தனை முறையும் ஆக்கலாம். ஜேபெக்கிலிருந்து அந்தப் பனியை மீட்க முடியாது.

இலக்கியம் பயின்ற நமக்கு இது விளங்காத செய்தியா? 1894இல் உ.வே.சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, ஏடு சிதைந்து சொற்கள் போன இடங்களில் புள்ளிகளிட்டார். கிடைக்காத 267, 268ஆம் பாடல்களின் எண்கள் இன்றும் பதிப்புகளில் வெற்றிடமாகவே நிற்கின்றன. பொருத்தமான சொல்லைத் தாமே இட்டு நிரப்பிவிடும் புலமை அவருக்கு இல்லாமலில்லை. இல்லாததை இல்லாததாகவே அடுத்த தலைமுறைக்குக் கடத்த வேண்டும் என்பது பதிப்பறம். ஒரு கோப்பை வேறு வடிவத்துக்கு எக்ஸ்போர்ட் செய்வதும் படியெடுத்தலே. அங்கும் வெற்றிடத்தை வெள்ளையால் நிரப்புதல் பாடத்தைத் திருத்துவதாகும்.

இதன் மறுபக்கமும் உண்டு. வெள்ளை என்று கண்டதையெல்லாம் வெற்றிடம் என்று நீக்கிவிடுவதும் தவறே. கே.எம். ஆதிமூலத்தின் (1938–2008) கோட்டோவியங்களில் மை தொடாத தாளும் ஓவியத்தின் பகுதி. முகத்தை ஆக்குவதில் கோட்டுக்குள்ள பங்கு, விடப்பட்ட வெண்மைக்கும் உண்டு. அத்தகைய ஓவியம் ஒன்றை வருடி எடுத்து, வெள்ளையை ஒரே சொடுக்கில் துடைத்து, சிவப்பு அட்டையில் வைத்தால் கண்ணின் வெண்மையும் சிவந்துவிடும். எது வெண்மை, எது வெறுமை என்று மென்பொருளுக்குத் தெரியாது. வரைந்தவருக்குத் தெரியும். அவர் இல்லாதபோது பதிப்பாசிரியர் தெரிந்துகொள்ள வேண்டும்.

‘படைப்பு நன்றாக இருந்தால் போதாதா? அட்டையில் என்ன இருக்கிறது?’ என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. சிற்றிதழ்களின் முகத்தை உருவாக்கியவர்களில் ஓவியர்களுக்குப் பெரும்பங்கு உண்டு என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். கதையாசிரியரைக் கேளாமல் ஒரு பத்தியை நீக்கினால் சண்டைக்கு வரும் நாம், ஓவியரைக் கேளாமல் அவர் வானத்தை அழித்துவிட்டு அமைதியாக இருக்கிறோம்.

செய்யவேண்டியவை மிகச் சில. மூல எஸ்.வி.ஜி. கோப்பை, அல்லது எந்த மென்பொருளில் வரைந்தார்களோ அந்த மூலத்தை, இதழின் கையெழுத்துப் படிகளோடு பேணுதல் வேண்டும். இங்க்ஸ்கேப் போன்ற விலையில்லா மென்பொருளே இதற்குப் போதும். அச்சுக்கு பி.டி.எஃப். தரலாம், அதிலும் எக்ஸ்-1ஏ என்னும் தரம் ஊடு தெரிதலை ஏற்காது, எக்ஸ்-4 ஏற்கும் என்பதால், எது வேண்டும் என்று அச்சகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடலாம். வலையில் இடுவதற்கு பி.என்.ஜி. நன்று, அச்சின் நான்கு மை வண்ணப் பகுப்பு அதில் இல்லை என்பதை மட்டும் நினைவில் கொள்க. ஜேபெக்தான் வேண்டும் என்றால், அட்டையின் வண்ணத்தை நாமே படத்தின் பின்னால் வைத்து, அதன்பின் மாற்றித் தருவோம். நிரப்பும் முடிவு நம்முடையதாக இருக்கட்டும். எழுத்துகளை எப்போதும் படலங்களுக்கு மேலே வைப்போம். வாட்ஸாப்பில் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புவோம். படமாக அனுப்பினால் அதுவும் ஜேபெக்காகிவிடும். இறுதியாக, கையொப்பமிடும் முன் படத்தை ஓர் அடர்வண்ணத்தின் மேல் வைத்துப் பார்ப்போம். வெள்ளைத் திரையில் வெள்ளைப் பிழை தெரிவதில்லை.

மாணவியின் மூலக்கோப்பு நல்லவேளையாக இருக்கிறது. அடுத்த மலரின் பின்னட்டையில் அதே பாலத்தைப் பனியோடு அச்சிடுவதென்று முடிவு செய்திருக்கிறோம். இம்முறை மாதிரிப் படியில் முதல் கையொப்பம் அவளுடையது. அதன் பின்னரே நம்முடையது.