டவுட்டும் கொஸ்டினும்

ரெண்டு நாளா ஆணி கொஞ்சம் கம்மி. ரொம்ப நாளா மனசுல கிடந்த ஒண்ணை எழுதிடலாம்னு உட்கார்ந்தேன்.

எங்க டீம்ல ஒரு தம்பி சேர்ந்தான். பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம், கோடிங்ல புலி. மெயில் எழுதினா மட்டும் கொஞ்சம் தகராறு. 'டேட்டாவை இழந்துடுவோம்'னு எழுத வேண்டிய இடத்துல ஒரு 'ஓ' கூடப் போட்டுடுவான், டேட்டா தொளதொளன்னு ஆயிடும். அஃபெக்ட், எஃபெக்ட் ரெண்டும் அவனுக்கு ஒண்ணுதான். எல்லாரும் சிரிச்சோம், நானும்தான். டேமேஜர் அவனை இங்கிலீஷ் கிளாசுக்கு வேற அனுப்பி வெச்சார்.

ஆனா அவன் மாட்டினது அதுல எதுலயும் இல்லை. ஒரு நாள் அமெரிக்க கிளையன்ட்டோட கால். அந்தப் பக்கத்து ஆர்க்கிடெக்ட் டிசைனை விளக்கிட்டு இருந்தார். நம்ம ஆளு நாலஞ்சு தடவை 'ஐ ஹேவ் எ டவுட்'னு ஆரம்பிச்சு கேட்டான். எல்லாமே நல்ல கேள்விங்க. ஒரு வாரம் கழிச்சு மெயில் வருது: உங்க பையனுக்கு எங்க டிசைன் மேல நம்பிக்கை இல்லை போலிருக்கு, வேற ஆளைப் போடுங்க. தம்பியை ப்ராஜெக்ட்ல இருந்து தூக்கிட்டாங்க. கால்ல இருந்த ஆறு பேர்ல ஒருத்தருக்கும் அவன் பேசினதுல தப்பே தெரியலை. நாங்களும் அப்படித்தானே பேசுறோம்!

தமிழ்ல வாத்தியார்கிட்ட கேட்கிறதும் சந்தேகம், ராத்திரி தெருவுல சுத்துறவன் மேல வர்றதும் சந்தேகம். அதை அப்படியே 'டவுட்'னு தூக்கிட்டுப் போறோம். நமக்குள்ள பேசும்போது ஒரு பிரச்சினையும் இல்லை. அமெரிக்கர் காதுல அது 'நீ சொல்றதை நான் நம்பலை'ன்னு விழும். தெரிஞ்சுக்கக் கேட்டா அது அவங்களுக்கு கொஸ்டின்.

'ரிவர்ட்'டும் இதே ஜாதிதான். நம்ம ஆபீஸ் மெயில்ல 'ப்ளீஸ் ரிவர்ட்'னா பதில் போடுங்கன்னு அர்த்தம். கிட் தெரிஞ்சவனுக்கு ரிவர்ட்னா போட்ட மாற்றத்தைத் திரும்ப எடுக்கிறது. ஒரு கோட் ரிவ்யூ மெயில்ல பழக்கதோஷத்துல அதை எழுதிட்டுத் தூங்கப் போயிட்டேன். காலையில வந்து பார்த்தா மூணு நாள் உழைப்பு காலி. அவ்வ்வ்வ்! அந்த ரிவர்ட்டை ரிவர்ட் பண்ணி மீட்டது தனிக்கதை.

வெள்ளைக்காரங்களுக்குள்ளேயே இந்தக் கூத்து உண்டு. இரண்டாம் உலகப்போர் சமயம் பிரிட்டிஷ் அதிகாரிங்க ஒரு அறிக்கையை 'டேபிள்' பண்ணணும்னாங்களாம். அவங்களுக்கு அது உடனே விவாதிக்கிறது, அமெரிக்கருக்கோ ஓரமா ஒத்திவைக்கிறது. ரெண்டு பேருக்கும் வேண்டியது ஒண்ணேதான்னு புரியறதுக்குள்ள பெரிய சண்டையே ஆயிடுச்சுன்னு சர்ச்சில் 1950ல வந்த 'தி கிராண்ட் அலையன்ஸ்'ல எழுதியிருக்கார்.

அதனால என் கட்சி இதுதான். எழுத்துப்பிழையைப் பிடிச்சுத் தொங்குறதை விடுங்க. மனம், மணம்னு மாத்தி எழுதினாலும் நாம சரியாத்தானே படிச்சுக்கிறோம்? அந்த ஒரு 'ஓ'வும் அப்படித்தான். (ரெஸ்யூம்ல இருந்தா தூக்கிப் போடுறவங்க இருக்காங்க, மறுக்கலை.) டவுட் மாதிரி வார்த்தையில ரெண்டு பக்கமும் புரிஞ்சதாவே நினைச்சுக்கிறாங்க, அதனால யாரும் திருப்பிக் கேட்கிறதில்லை. கிளாஸ்ல இதையில்ல முதல்ல சொல்லித் தரணும்? தம்பி போன கிளாஸ்ல பிரின்சிபல் ரெண்டுக்கும் ஸ்பெல்லிங் எழுத வெச்சாங்களாம்!

எனக்கே இது ஒரு வருஷம் கழிச்சுத்தான் உறைச்சது. அப்பவே தெரிஞ்சிருந்தா அந்த ஆர்க்கிடெக்ட்டுக்கு ரெண்டு வரி எழுதியிருப்பேன். போன வாரம் கேன்டீன்ல தம்பியைப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அண்ணா, அன்னைக்கே யாராவது சொல்லியிருக்கலாமே"ன்னான்.

டிஸ்கி: டேங்கர் லாரி பின்னாடி இருக்கிற 'இன்ஃப்ளேமபிள்'னா தீப்பிடிக்காதுன்னு அர்த்தமில்லை மக்களே. நல்லாவே பிடிக்கும், தள்ளியே வண்டி ஓட்டுங்க.