கேள்வி கேட்காத கதை

எங்கள் குழந்தைகள் வாசிப்பு வட்டத்தில் உதவிக்கு வரட்டுமா என்று கேட்டு வருபவர் ஓய்வுபெற்ற வங்கி ஊழியராக இருக்கலாம், கல்லூரி மாணவியாக இருக்கலாம். ஐந்து நிமிடத்தில் எல்லாரும் வந்து நிற்கும் கேள்வி ஒன்றுதான்: “நான் என்ன சொல்லித்தரணும்?” ஒன்றும் சொல்லித்தர வேண்டாம், வாரம் ஒரு நாள் வந்து புத்தகத்தைப் பிரித்துச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள் என்பேன். முகம் சற்று வாடும். இதற்கா இவ்வளவு படித்தோம் என்று நினைக்கிறார்களோ என்னவோ.

ஆசிரியர் பயிற்றுநராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற நான், இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்ச் சமுதாயக்கூடத் திண்ணையில் உட்காருகிறேன். படித்துக் காட்டுவது சில்லறை வேலை அல்ல என்று நான் சொல்வதற்குத் தமிழ் எழுத்திலும் தமிழ்ப் பேச்சிலுமே காரணம் இருக்கிறது.

247 எழுத்து என்று சொல்லிப் பயமுறுத்துவது வழக்கம். எண்ணிக்கை அவ்வளவு பெரிய இடைஞ்சல் இல்லை. ‘கே’ என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலி பின்னால் வருகிறது. ‘கோ’வில் ககரத்தின் இரண்டு பக்கமும் குறி. அதே ககரம் கடலில் ஒரு மாதிரி, தங்கத்தில் ஒரு மாதிரி, அகத்தில் இன்னொரு மாதிரி ஒலிக்கிறது. கன்னடம் படிக்கும் குழந்தைகளை ஆராய்ந்த சோனாலி நாக், அந்த எழுத்துகள் முழுதாகக் கைவசமாவதற்கு நான்காம் வகுப்பு வரைகூட ஆகிறது என்று காட்டியிருக்கிறார். தமிழ் வகுப்பறைகளில் நான் பார்த்ததும் அதிலிருந்து வெகுதூரமில்லை.

எழுத்துச் சிக்கலாவது நாள்பட்டால் தீர்ந்துவிடும். எனக்குப் பெரிதாகத் தெரிவது பேச்சுக்கும் ஏட்டுக்கும் நடுவே இருக்கும் பள்ளம்தான். வீட்டில் ‘வந்துட்டாங்க’. புத்தகத்தில் ‘வந்துவிட்டார்கள்’. வீட்டில் ‘அவன்கிட்ட’, புத்தகத்தில் ‘அவனிடம்’. இரண்டாம் வகுப்புப் பிள்ளை விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, மூச்சுவாங்கி, ‘வந்துவிட்டார்கள்’ என்று முடிக்கிறது. முடித்த பிறகு அந்தச் சொல் யார் வாயிலும் கேட்டறியாத சொல்லாக இருக்கிறது. தெருத்தெருவாக விசாரித்துப் போய்ச் சேர்ந்த வீடு பூட்டிக் கிடப்பது மாதிரி. ‘பூனை’ என்று கூட்டிய குழந்தைக்கு உள்ளே பூனை இருக்கிறது. ‘அமர்ந்திருந்தது’ என்று கூட்டிய குழந்தைக்கு உள்ளே ஒன்றுமில்லை. நாம் அதை வாசிப்புக் குறை என்கிறோம். அந்தக் குழந்தையின் காதுக்கு ஏட்டுத்தமிழ் போய்ச் சேரவில்லை என்பதுதான் விஷயம்.

ஒரு காலத்தில் கூத்தும் வில்லுப்பாட்டும் வானொலிச் செய்தியும் அந்தத் தமிழை ஓரளவு காதில் போட்டுக்கொண்டிருந்தன. இன்று பள்ளிப் பாடநூல் தவிர வேறு வழி அநேகமாக இல்லை. (சுட்டி டிவியில் டோரா பேசிய தமிழை வைத்துக் கேலி செய்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் முழு வாக்கியமாகப் பேசுவதைக் குழந்தைகள் அவளிடம்தான் கேட்டார்கள் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.)

தன்னார்வலரின் வேலை இங்கேதான் வருகிறது. புத்தகத்தில் இருக்கிறபடியே, வரிக்கு அடியில் விரல் ஓட, வாக்கியத்தை உடைக்காமல் படிக்க வேண்டும். கதைசொல்லி நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. கதை சொல்வது அருமையான கலை. குரலை மாற்றி, கண்ணை உருட்டி, பேச்சுத்தமிழில் அவர்கள் சொல்லும்போது குழந்தைகள் வாய்பிளந்து கேட்கிறார்கள். ஆனால் கதை முடிந்ததும் கதைசொல்லியைத் தேடுகிறார்கள், புத்தகத்தைத் தேடுவதில்லை. படித்துக் காட்டினால் கதை அந்தக் காகிதத்தில் இருக்கிறது என்பது பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. கடினமான சொல் வந்தால் நின்று பொருள் சொல்லக்கூட வேண்டியதில்லை. பாதிச் சொற்களுக்குப் படமே பொருள் சொல்லிவிடும். மறுபடியும் மறுபடியும் அதே புத்தகத்தைக் கேட்பார்கள். சலித்துக்கொள்ளாமல் படியுங்கள். ஆறாவது முறையில்தான் அவர்கள் கதையை விட்டுவிட்டுச் சொற்களைக் கவனிக்கத் தொடங்குகிறார்கள்.

நானும் இதைத் தவறு செய்துதான் கற்றேன். தொடங்கிய புதிதில் ஒவ்வொரு கதைக்குப் பிறகும் நான்கு கேள்வி கேட்பேன். நரி ஏன் அப்படிச் செய்தது? இந்தக் கதையிலிருந்து நாம் தெரிந்துகொள்வது என்ன? பழக்கதோஷம். முதல் மாதம் இருபத்திரண்டு பேர் வந்தார்கள். மூன்றாம் மாதம் ஏழு பேர். அந்த ஏழில் ஒரு சிறுமி ஒருநாள் பக்கத்தில் வந்து, “தாத்தா, இன்னைக்கிக் கேள்வி கேக்காத கதையாப் படிங்க” என்றாள். அப்படி ஒரு வகைக் கதை தனியாக இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தாள் போலும். அன்றோடு நீதியையும் கேள்வியையும் மூட்டை கட்டினேன்.

இந்தக் கேள்விப் பழக்கத்துக்குப் பின்னால் பயம் இருக்கிறது. பயத்துக்குக் காரணமும் உண்டு. 2022 ஏசர் (ASER) கல்விநிலைக் கணக்கெடுப்பில், தமிழகக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நூறு பேரில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாகப் படித்தவர்கள் ஐந்து பேர்கூட இல்லை. 2018இல் பத்துப் பேர் இருந்தார்கள். பெருந்தொற்றில் பள்ளிகள் மூடிக்கிடந்ததன் விலை அது. அதை ஈடுகட்ட 2021இல் வந்த ‘இல்லம் தேடிக் கல்வி’யில் மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு மாலை நேரத்தில் உட்கார்ந்த பெண்களை நான் மதிக்கிறேன். ஆனால் எண்ணைப் பார்த்து மிரண்டவர்கள் எல்லாரும் செய்வது சோதனைதான். பள்ளியில் சோதனை, மாலை வகுப்பில் சோதனை, ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வட்டத்திலும் எழுந்து நின்று படித்துக் காட்டச் சொன்னால் குழந்தைக்கு எங்கேதான் ஒதுங்க இடம்? திக்குகிற பிள்ளையை எல்லார் முன்னாலும் படிக்கச் சொல்லும் வட்டத்துக்கு அந்தப் பிள்ளை மறுவாரம் வராது. அங்கே இருக்க வேண்டியதே அந்தப் பிள்ளைதான்.

புத்தகத்துக்கு முன்புபோல் பஞ்சமில்லை. பள்ளிக் கல்வித் துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்து வெளியிட்டார்கள். பெயர் வைத்தவருக்கு ஒரு சபாஷ். படித்துக் காட்ட நல்ல நூல்கள். ஒன்பது வயதாகியும் ‘நுழை’ புத்தகத்தை எடுக்கும் பிள்ளையிடம், உனக்கு இதுவா என்று கேட்காமல் இருந்தால் போதும்.

இடத்துக்குத்தான் அல்லாட்டம். அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் 2006 தொடங்கி ஐந்தாண்டுகளில் 12,618 ஊராட்சிகளையும் சுற்றி வந்தது. ஊருக்கு ஒரு நூலகம் அதில் ஓர் அம்சம். நான் போய்ப் பார்த்த ஊர்களில் பாதிக் கட்டிடங்களில் பூட்டு தொங்குகிறது. சிலவற்றில் வாக்காளர் பட்டியலும் உடைந்த நாற்காலியும் இருக்கின்றன. 1931இல் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகத்துக்கு ஐந்து விதிகளை எழுதினார். மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் நூலகம் ஊர் ஊராகப் போனதும் அதே ஆண்டில்தான். 1948இல் இங்கே நூலகச் சட்டமே வந்துவிட்டது. சொத்துவரியோடு நூலக வரியும் கட்டிக்கொண்டிருக்கிறோம். இவ்வளவும் இருந்தும், வாரத்துக்கு இரண்டு மணி நேரம் அந்தப் பூட்டைத் திறக்க ஆள் இல்லை என்பது காரணமாகாது. ஊராட்சித் தலைவரும் பள்ளித் தலைமையாசிரியரும் கையெழுத்திட்டு, பொறுப்பான இரண்டு தன்னார்வலர்களிடம் சாவியைக் கொடுக்கலாம். எப்போதும் இரண்டு பேர், நாலு பேர் பார்க்கிற இடம், கதவு திறந்தே இருக்கும். இந்த மூன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

தன்னார்வலர்களிடமும் ஒரு நிபந்தனை போடுவேன். ஓராண்டு வருவதாக இருந்தால் வாருங்கள். பிறந்தநாளுக்கு வந்து கேக் வெட்டி, படம் எடுத்துப் போகிறவர்களைப் பிள்ளைகள் நன்றாக அடையாளம் கண்டுகொள்கிறார்கள். அவர்கள் கொண்டுவரும் பலூனை வாங்கிக்கொள்வார்கள், கதைக்கு உட்கார மாட்டார்கள்.

எங்கள் திண்ணையில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன். எட்டு மாதம் வந்தான், ஒரு வரி படித்ததில்லை. நான் கேட்டதுமில்லை. ஒருநாள் வெளியே கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருந்தவன், மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் ஒளிந்திருந்தவனைப் பிடித்து, “அகப்பட்டுக்கொண்டாயா!” என்று கத்தினான். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாங்கள் பலமுறை படித்த நரிக் கதையில் வரும் சொல் அது. அடுத்த ஞாயிறு அந்தப் புத்தகத்தைப் பிரித்தபோது அவன் என் விரலைத் தள்ளிவிட்டுத் தன் விரலை வைத்தான். பதினோரு எழுத்துச் சொல்லை எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில் படித்தான். பிறகு பக்கத்தைத் திருப்பச் சொன்னான்.

- கட்டுரையாளர், ஓய்வுபெற்ற ஆசிரியர் பயிற்றுநர். குழந்தைகள் வாசிப்பு வட்டத் தன்னார்வலர்.