சாராயத்துக்கு ஒரு நியாயம், பில்ஸ்னருக்கு ஒரு நியாயமா?



வீட்டிலேயே பில்ஸ்னர் பீர் காய்ச்சினால் என்ன தவறு என்று நம் வாலிபர் சிலர் கேட்கிறார்கள். "மார்ட்டின் லூத்தரின் மனைவி கத்தரீனாளே பீர் காய்ச்சினாள் அல்லவா?" என்பது அவர்கள் வாதம். காய்ச்சினாள், மறுக்கவில்லை. 16-ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் பீர் அன்றாடப் பானம். அவர்கள் குடியிருந்த மடத்துக்கு அதைக் காய்ச்சும் உரிமையும் இருந்தது.

நமக்கு அந்த உரிமை இல்லை. உரிமமின்றி மது தயாரிப்பது 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி தமிழ்நாட்டில் இன்றும் குற்றமே. தெருமுனையில் டாஸ்மாக் கடை திறந்திருப்பதால் சமையலறையில் காய்ச்ச அனுமதி கிடைத்துவிடாது.

"இது கள்ளச்சாராயம் அல்ல, கலை" என்பீர்கள். 1842-இல் பில்சன் நகரில் யோசெப் குரோல் உருவாக்கிய முறை நுட்பமானதுதான். ஏறத்தாழ 10 டிகிரி குளிரில் நொதிக்கவைத்து, பிறகு உறைநிலையை ஒட்டிய குளிரில் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 2024-இல் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்த மெத்தனால் சாராயத்தோடு அதை ஒப்பிட மாட்டேன். ஆனால் சட்டம் இரண்டுக்கும் ஒன்றே. ஏழை பானையில் ஊறல் போட்டால் குற்றவாளி, படித்தவர் குளிர்சாதனப் பெட்டியில் ஊறல் போட்டால் ரசிகரா? யாக்கோபு தம் நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தில் கண்டிக்கிற பட்சபாதம் இதுவே.

நாம் வாழ்வது காஞ்சிபுரத்தில். கோர்வைச் சேலைக்குத் தறியில் இருவர் வேண்டும். நெய்கிறவர் ஒருவர், கரை நாடாவைத் தள்ளும் துணையாள் ஒருவர். ஒருவர் குடித்துவிட்டு வராமற்போனால் இருவரின் கூலியும் நின்றுபோகும். இரண்டு வீட்டு அடுப்பும் அணையும். சபையும் அப்படிப்பட்ட தறியே. குடியை விட்டுவந்த சகோதரன் உங்கள் வீட்டுக்கு வந்து, படித்த விசுவாசியின் மேசையில் நுரைக்கும் கோப்பையைக் கண்டால், அவனுடைய மனவுறுதி என்னவாகும்? ரோமர் 14-ஆம் அதிகாரத்தில் பவுல் பானத்தைப் பழிக்கவில்லை. பலவீனனை இடறச்செய்யும் சுயாதீனத்தையே கண்டிக்கிறார்.

வாரக்கணக்கில் காத்திருக்கும் பொறுமை உங்களுக்கு உண்டா? அதை அந்தச் சகோதரனுக்குக் கொடுங்கள். அவன் தடுமாறும் மாலைவேளைகளில் அவனருகே அமருங்கள். அப்படி அமர்வதற்கு உரிமம் எதுவும் தேவையில்லை.

கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.