இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று



இரண்டாவது கர்ப்பத்துக்கு எங்கள் வீட்டில் வளைகாப்பு கிடையாது. தலைப்பிரசவத்தோடு அந்தச் சடங்கு முடிந்தது. கை நிறையக் கண்ணாடி வளையலும் இல்லை, ஐந்து வகைச் சாதமும் இல்லை, தாய்வீட்டுக்கு அழைத்துப்போக வண்டியும் வராது. முதல் தடவை நான் தண்ணீர் குடிக்க எழுந்தாலே "உட்காரும்மா, நான் எடுத்துத் தரேன்" என்று ஓடி வந்த வீடு, இந்தத் தடவை "அவளுக்குப் பழக்கம்தானே" என்று நிம்மதியாக இருக்கிறது. என் கதையும் அதுதான். மூத்தவள் வயிற்றில் இருந்தபோது எத்தனை வாரம் என்று கேட்டால் நாள் கணக்கோடு சொல்வேன். இப்போது டாக்டர் கேட்டால் பைக்குள் கையை விட்டு ஃபைலைத் தேடுகிறேன். பை நிறைய பிஸ்கட் தூள்.

உங்களில் பலருக்குச் செய்தியே இப்போதுதான் தெரிந்திருக்கும். ஆமாம், ஏழாவது மாதம். மூத்தவளுக்கு இரண்டரை வயது. இந்த இதழின் மெய்ப்பில் பாதியை அவள் தூங்கிய பிறகு திருத்தினேன். மீதிப் பாதியில் அவளுடைய திருத்தங்களும் உண்டு, பச்சை கிரேயானில்.

"இந்த நெலமையில எதுக்கும்மா அலையற? பேசாம வீட்ல ரெஸ்ட் எடு." பக்கத்து வீட்டு மாமி, ஆட்டோ அண்ணன், கல்யாண மண்டபத்தில் முதல்முறையாகப் பார்க்கும் தூரத்து உறவு என்று எல்லோரும் சொல்கிறார்கள். அன்பில் சொல்வதுதான், மறுத்துப் பேச மனசு வருவதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். நடக்கத் தெரிந்த, பேச்சுக் கேட்காத ஒரு பிள்ளையோடு நாள் முழுக்க நாலு சுவருக்குள் இருப்பதற்குப் பெயர் ரெஸ்ட் இல்லை. வீட்டில் இருந்தால் நான்தான் சறுக்குமரம். சோபாவில் சாய்ந்தால் தோளில் ஏறுகிறாள். பாயில் படுத்தால் வயிற்றைத் தாண்டிக் குதிக்கிறாள். பூங்காவுக்குப் போனால் சறுக்குமரம் தனியாக இருக்கிறது, நான் பெஞ்சில் காலை நீட்டி உட்காரலாம். கர்ப்பிணி ஓய்வெடுக்க வேண்டுமா, பிள்ளையோடு அவளை வெளியே அனுப்புங்கள். இந்த மாதம் என் கட்சி இது. டாக்டர் கட்டாய ஓய்வு சொல்லியிருக்கும் தோழிகளுக்கு மட்டும் இது பொருந்தாது.

வெளியே என்றால் எங்கே? நிழல், உட்கார ஓர் இடம், தண்ணீர் வருகிற கழிவறை. மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால் போதும், ஊஞ்சல்கூட இரண்டாம்பட்சம். மூன்றில் மூன்றாவதுதான் கிடைப்பதில்லை. ஏழாம் மாத வயிற்றுக்கு அரைமணி நேரத்துக்கு ஒரு தடவை போக வேண்டும். டயப்பரை விட்டுப் பழகும் பிள்ளைக்கு "உச்சா" என்று வாயில் வந்த பிறகு அரை நிமிஷம்தான் அவகாசம். எங்கள் இருவருக்கும் ஒரே சமயத்தில் அவசரம் வரும் நாட்களும் உண்டு. தி.நகரில் நல்ல கழிவறை வேண்டுமென்றால் பெரிய துணிக்கடைக்குள் நுழைய வேண்டும். துணி எடுத்தே தீர வேண்டும் என்று அங்கே யாரும் சொல்வதில்லை. நாம்தான் எடுத்துவிடுகிறோம்.

பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் 2015இல் வந்தன. பால் கொடுக்க மட்டுமில்லாமல், பிள்ளைக்கு உடை மாற்றவும், வீங்கிய காலோடு பத்து நிமிஷம் மின்விசிறிக் காற்றில் உட்காரவும் அவற்றைப்போல உதவும் இடம் இல்லை. ஓர் ஊரில் அந்த அறை பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று விசாரித்து முடிப்பதற்குள் எங்கள் பஸ் வந்துவிட்டது.

பாண்டி பஜாருக்கு இப்போதெல்லாம் சாமான் வாங்கப் போவதில்லை, நடக்கத்தான் போகிறேன். 2019 நவம்பரில் அங்கே அகலமான நடைபாதை வளாகத்தைத் திறந்தார்கள். கல் பெஞ்சு இருக்கிறது, பிள்ளை கையை உதறிக்கொண்டு நாலடி ஓடினாலும் பைக் வந்து இடிக்காது. சென்னையில் பிள்ளைத் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போக முடிகிற தெருக்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்ற இடங்களில் நடைபாதை என்பது டிரான்ஸ்ஃபார்மர், இளநீர் வண்டி, நிறுத்திய பைக், பெயர்ந்த சிலாப் இவ்வளவும் போக மிச்சம் இருப்பது. மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தி.நகர் பேருந்து நிலையத்துக்கு 2023 மே மாதம் திறந்த ஆகாய நடைமேடையும் எங்களுக்குப் பிடித்த இடம். சுமார் 570 மீட்டர் நீளம், லிஃப்ட் உண்டு. கீழே ரங்கநாதன் தெருக் கூட்டம் முட்டிமோத, நாங்கள் மேலே நின்று ரயிலுக்கு டாட்டா காட்டுவோம். ஒரு சாயங்காலத்துக்கு அது போதும் அவளுக்கு.

கடற்கரை என்றால் மணல்தான் சிக்கல். பெரிய வயிறோடு மணலில் நடந்தால் இடுப்பு விட்டுப்போகிறது. மாற்றுத்திறனாளிகள் அலைக்கு அருகே போவதற்காக 2022 நவம்பரில் மெரினாவில் மரப்பாதை போட்டார்களே, சக்கர நாற்காலிக்காக நினைத்துச் செய்த அந்த மாதிரி வேலை எல்லாமே கைப்பிள்ளைக்காரிக்கும் கர்ப்பிணிக்கும் முதியவர்களுக்கும் சேர்த்துத்தான் பயன்படுகிறது. நகரத்தைத் திட்டமிடுகிறவர்கள் இதை ஒரு கணக்காகவே எடுத்துக்கொள்ளலாம். கிண்டி சிறுவர் பூங்காவில் மர நிழல் தாராளம். செவ்வாய்க்கிழமை விடுமுறை, மறந்துபோய் நின்றுவிடாதீர்கள். வண்டலூர்? 602 எக்டேர். பேட்டரி வண்டி இருந்தாலும் "யானை பாக்கணும்" என்று இறங்கிக் கேட்கிற பிள்ளையோடு ஏழாம் மாதத்தில் வேண்டாம். பிரசவத்துக்குப் பிறகு பார்க்கலாம், யானை எங்கேயும் போய்விடாது.

போக வர எனக்கு டவுன் பஸ்தான். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணம் இல்லை. ஐந்து வயது வரை பிள்ளைகளுக்கும் 2022இல் இலவசமாக்கினார்கள். ஆக நாங்கள் மூன்று பேரும் காசில்லாமல் போகிறோம். ஆனால் அந்த முதல் படி! ஒரு கையில் பிள்ளை, மறு கையில் கம்பி, முன்னே வயிறு. ஏறி நிற்கும் வரை டிரைவர் காத்திருந்தால் அவர் நல்ல மனிதர். கண்டக்டர் "யாராவது எந்திரிங்கப்பா, மாசமா இருக்காங்க" என்று குரல் கொடுத்தால் அன்று நல்ல நாள். நான் கவனித்த வரையில் முதலில் எழுந்திருப்பவர்கள் பூக்கூடையோடும் மீன்கூடையோடும் வரும் ஆயாக்கள். காதில் ஒயரை மாட்டிய தம்பி தங்கைகள் பார்ப்பதில்லை. இரக்கம் இல்லாமல் இல்லை, தலையைத் தூக்குவதில்லை, அவ்வளவுதான். வயிறு பெரிதாகத் தெரியாத முதல் மூன்று மாதத்தில்தான் தலைசுற்றலும் குமட்டலும் அதிகம் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். மசக்கைக்காரி "கொஞ்சம் இடம் கொடுங்க" என்று கேட்டால் மேலும் கீழும் பார்க்காதீர்கள்.

"தூக்கு." எங்கள் வீட்டில் ஒரு நாளில் அதிகம் கேட்கும் சொல் இதுதான். நடந்து வந்த பிள்ளை திரும்பும்போது நடக்காது, அது எழுதாத சட்டம். பிள்ளையைத் தூக்கினால் கரு கலைந்துவிடும் என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் பிள்ளையைத் தூக்கக் கூடாது என்று என் டாக்டர் சொல்லவில்லை. எப்படித் தூக்குவது என்றுதான் சொல்லிக்கொடுத்தார். இடுப்பை வளைத்துக் குனியாமல், முழங்காலை மடக்கி உட்கார்ந்து, பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு எழ வேண்டும். கர்ப்பத்தில் மூட்டுத் தசைநார்கள் தளர்ந்திருப்பதால் ஒரு பக்க இடுப்பிலேயே நெடுநேரம் வைத்திருந்தால் வலி நிச்சயம். வயிறு இறுகினாலோ, உதிரம் பட்டாலோ இந்த விதியெல்லாம் செல்லாது, நேரே ஆஸ்பத்திரிதான். நான் கண்டுபிடித்த இன்னொரு வழி: அவளையே பெஞ்சில் ஏறச் சொல்லிவிடுவேன். ஏறியதும் மடியில் வந்து விழுவாள். தூக்கிய கணக்கு அவளுக்கு, தூக்காத இடுப்பு எனக்கு.

இரண்டாவது தடவை, ஊர் சுற்றுவதில் பாதி ஆஸ்பத்திரிக்குப் போவதுதான். சர்க்கரைப் பரிசோதனை நாளை மறக்க முடியாது. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பார்கள், குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும், பிறகு ரத்தம் எடுப்பார்கள். 140ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை என்பது இந்த முறையின் பெரிய வசதி. சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி. சேஷய்யா முன்னின்று பரப்பிய முறை இது. பஸ் மாறி மாறி வரும் கிராமத்துக் கர்ப்பிணியைப் பட்டினி போட்டு இன்னொரு நாளும் வரச் சொன்னால் அவள் வரவே மாட்டாள் என்பதைப் புரிந்து செய்த ஏற்பாடு. அவருக்கு என் நன்றி. ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தை மூத்தவளோடு கழிப்பது எப்படி என்று எந்த மருத்துவப் புத்தகத்திலும் இல்லை. "எனக்கும் ஜூஸ்" என்று முதல் கால்மணி நேரம் அழுகை. பிறகு அவள் லேப் வாசல் நாற்காலிகளை எண்ணினாள். ஒன்று, ரெண்டு, மூணு, ஏழு.

அதற்கு ஈடாக ஒன்றும் கிடைத்தது. மேசையில் படுத்திருக்கும்போது டாக்டர் பாப்பாவின் இதயத் துடிப்பைச் சத்தமாக வைத்தார். மூத்தவள் காதைத் தீட்டிக் கேட்டுவிட்டு, "அம்மா, உள்ள குதிரை ஓடுது" என்றாள். வீடு வந்ததும் அப்பாவிடம், பாட்டியிடம், பால்காரரிடம் எல்லாம் அந்தச் செய்தி போயிற்று. குதிரைக்குக் கேரட் வேண்டுமாம். நானே தின்றேன்.

இடையில் இரண்டு பயனுள்ள தகவல்கள். முந்தைய கர்ப்பத்தில் டிடி ஊசி இரண்டும் போட்டு மூன்று ஆண்டுக்குள் மறுபடி கருவுற்றால் ஒரு பூஸ்டர் ஊசி போதும், எனவே பழைய அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள தாய்மாருக்குக் கிடைக்கும் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி இரண்டாவது பிரசவத்துக்கும் உண்டு. தலைப்பிள்ளைக்கு மட்டும்தான் என்று நினைத்து நம் வாசகி ஒருவர் விட்டுவிட இருந்தார். கிராமச் செவிலியரிடம் பதிவு செய்ய வேண்டும்.

இனி கோபம் வருகிற விஷயம். லிஃப்ட்டில், கோயில் பிரகாரத்தில், பஸ்ஸில், யாரோ ஒருவர் குனிந்து மூத்தவளிடம் கேட்கிறார்: "உள்ள இருக்கிறது தம்பியா, தங்கச்சியா? பிள்ளை வாயால சொன்னா பலிக்கும்." அவள் "தம்பி" என்றால் கன்னத்தைக் கிள்ளி முத்தம். "தங்கச்சி" என்றால் "சரியா யோசிச்சுச் சொல்லு." ஸ்கேனில் பார்த்துச் சொல்வதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. இரண்டரை வயதுப் பெண்ணிடம் கேட்பதைத் தடுக்கச் சட்டம் இல்லை. அவள் பதிலை மாற்றச் சொல்கிறபோது அவளைப் பற்றியே என்ன சொல்கிறீர்கள் என்று யோசித்தீர்களா? இப்போது அவளுக்கு நான் ஒரு பதில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். "பாப்பா" என்கிறாள். மேலும் கேட்டால், "குதிரைப் பாப்பா."

தாய்ப்பாலை விட்டால்தான் ஆச்சு, இல்லாவிட்டால் பிள்ளை சவலை பாய்ந்துவிடும் என்று பெரியவர்கள் அவசரப்படுத்துவதைப் பற்றிப் பல கடிதங்கள் வந்தன. சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் ஒரே நாளில் பறிக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை, உங்கள் டாக்டரைக் கேட்டு மெல்ல விடலாம். தூளியும் அப்படியே. பாப்பா வந்த அன்று பிடுங்கினால் பாப்பா மேல்தான் கோபம் திரும்பும். நாங்கள் இப்போதே பாயில் தூங்கப் பழக்குகிறோம். பாட்டியின் நூல் சேலைத் தூளி மடித்து அலமாரியில் இருக்கிறது. பொம்மையைப் போட்டு ஆட்ட வேண்டும் என்று தினமும் மனு வருகிறது.

அடுத்த மாதத்தோடு நான் விடுப்பில் போகிறேன். இரண்டு பிள்ளை வரை 26 வாரம் சட்டப்படி உண்டு, அதில் ஒரு வாரத்தையும் விட்டுக்கொடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. இந்தப் பக்கத்தைத் துணை ஆசிரியர் எழுதுவார், அவருக்கும் இதே அன்பைக் கொடுங்கள்.

போவதற்கு முன் ஓர் உதவி வேண்டும். உங்கள் ஊரில் சின்னப் பிள்ளையோடு கர்ப்பிணி ஒருத்தி போய் உட்கார்ந்து வரக்கூடிய இடம் எது? பூங்காவோ, கோயில் மண்டபமோ, ஆற்றங்கரையோ, நூலகமோ, எதுவானாலும் சரி. நிழல் உண்டா, உட்கார இடம் உண்டா, கழிவறை திறந்திருக்கிறதா, பஸ் எத்தனை மணிக்கு என்பதை ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். வரும் இதழ்களில் மாவட்ட வாரியாக வெளியிடுவோம். கழிவறை பூட்டியிருந்தால் அதையும் எழுதுங்கள், அந்தப் பட்டியலையும் தனியாக அச்சிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்