ஒரே நாளில் 72 குழிகள்

தொழில்முறைக் கோல்ப் வீரர்கள் பெரும் போட்டிகளில் 72 குழிகளை நான்கு நாட்களில் ஆடி முடிப்பார்கள். பிரித்தானியாவில் சாதாரண ஆட்டக்காரர்கள் பலர் அதனை ஒரே நாளில் ஆடத் துணிகிறார்கள். புற்றுநோயாளருக்கு உதவும் மக்மிலன் அமைப்புக்கு நிதி திரட்டும் ‘மிக நீண்ட நாள்’ சவால் அது.

ஒரு சுற்றுக்கு நான்கு மணி நேரம் என்றால் நான்கு சுற்றுக்குப் பதினாறு மணி நேரம். யூன் மாதத்து லண்டன் பகல் ஏறத்தாழப் பதினாறரை மணி நேரம்தான். ஓய்வுக்கு இடமெங்கே?

எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால், 1971 இல் அவுஸ்திரேலியாவின் பெண்டிகோவில் இயன் கொல்ஸ்டன் 24 மணி நேரத்தில் 401 குழிகள் ஆடியிருக்கிறார். அதன் முன் 72 எம்மாத்திரம்?

எமது பார்வையில் உண்மையான சவால் வேறிடத்தில் உள்ளது. இவ்விளையாட்டில் நடுவர் எப்போதும் கூடவே வருவதில்லை. தன் பிழையைத் தானே சொல்ல வேண்டும். காலையில் அது எளிது. அந்தி மங்கிக் கால்கள் கெஞ்சும் வேளையில், பற்றையோரம் அடிக்க ஆயத்தமாகும்போது தன்னால் பந்து அசைந்துவிடுகிறது. எவரும் பார்க்கவில்லை. அந்த ஒரு தண்ட அடியைக் கணக்கில் சேர்ப்பவரே வென்றவர்.

உடல் மறுக்க, அறுபதாவது குழியோடு நிறுத்தி, “அறுபதுதான் முடிந்தது” என்று சொல்பவரும் வென்றவரே. நிதி தருவோர் மைதானத்துக்கு வந்து குழிகளை எண்ணுவதில்லை. ஆடியவரின் வாக்கை நம்பியே தருகிறார்கள்.