பகலில் உறங்குபவர்களின் கட்டில்

வெக்கையில் உறக்கம் கொள்ளாதவர்களுக்கு எந்தக் குளிர்படுக்கை உகந்தது என்னும் ஆராய்ச்சி அண்மைக் காலமாகத் தமிழிலும் மலிந்து வருகிறது. அமெரிக்கப் பரிந்துரைப் பட்டியல்களை எடுத்து, டாலரை ரூபாயாக்கி, கலிபோர்னியாவின் இரவைக் காஞ்சிபுரத்தின் இரவாக எண்ணிக்கொண்டு எழுதப்படுபவை இவை. அவற்றில் உறங்குபவர் ஒருவர் வருகிறார். உடல்வாகிலேயே சூடு மிகுந்தவர், தனியறை உடையவர், இரவு பத்து மணிக்கு விளக்கை அணைப்பவர், குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தும் முதுகு வியர்ப்பவர். அவர்பால் நமக்குக் காழ்ப்பு ஏதுமில்லை. ஆனால் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் ஆலைச் சாலையில் வெக்கையில் உறங்குபவர் யார் என்று கேட்டால் கிடைக்கும் விடை வேறு. இரவு ஷிப்டு முடித்து, காலையில் கம்பெனிப் பேருந்திலிருந்து இறங்கி, வெயில் ஏறுகிற நேரத்தில் படுத்து, பிற்பகலில் நனைந்த தலையணையோடு விழிப்பவர் அவர். அவருடைய சூடு உடல்வாகு அன்று. கூரையும் வேலை நேரமும் சேர்ந்து ஆக்கியது. இந்த வேறுபாட்டை மறைத்துவிட்டுக் கட்டில் தேர்ந்தெடுக்கக் கற்பிக்கும் எழுத்தை நாம் ஏற்பதற்கில்லை.

முதலில் கருவிகளைப் பற்றியே பேசிவிடுவோம். அறியாத ஒன்றை வைது தீர்ப்பது நம் இலக்கியச் சண்டைகளில் பழகிப்போன வழக்கம் என்றாலும், இங்கு அது உதவாது.

இயங்கு குளிர்படுக்கைகளில் பெரும்பான்மை இரண்டு வகை. ஒன்று, மெத்தை விரிப்பினுள் மெல்லிய குழாய்கள் ஓட, கட்டிலருகே ஒரு பெட்டி நீரைக் குளிரவைத்து அவற்றினுள் சுற்றவிடுவது. எயிட் ஸ்லீப், சில்லிபேட் முதலியன இவ்வகை. மற்றொன்று, பெட்ஜெட் போல, போர்வைக்கும் விரிப்புக்கும் இடையே காற்றைச் செலுத்துவது. முதல் வகையின் பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் பெல்டியர் சில்லு. அது குளிரைப் பிறப்பிப்பதில்லை. சூட்டைப் படுக்கையிலிருந்து வாங்கி அறைக்குள் தள்ளுகிறது. தள்ளும் கூலியாக, தான் உண்ட மின்சாரத்தையும் சூடாக்கி அதே அறைக்குள் விடுகிறது. தனியறையில், குளிர்சாதனம் அந்தச் சூட்டை வெளியே கொண்டுபோய்க் கொட்டும் வீட்டில், இது ஒரு குறையாகத் தெரிவதில்லை. ஆறு பேர் படுக்கும் விடுதி அறையில் கணக்குப் போட்டுப் பாருங்கள். உறங்கும் ஓர் உடல் ஏறக்குறைய 75 வாட் சூட்டை வெளிவிடுகிறது. ஆறு உடல்களுக்கு 450 வாட். கருவி ஒன்று 150 வாட் வாங்குவதாகக் கொண்டால் ஆறு கருவிகள் சேர்க்கும் சூடு 900 வாட். ஓர் இஸ்திரிப் பெட்டியை நாள் முழுதும் அறை நடுவே எரியவிட்டதற்கு அது ஒப்பு.

இதைவிடப் பெரிய இடர் ஈரம். காற்றிலுள்ள நீராவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைப் பனிப்புள்ளி என்பார்கள். அறையில் 35 பாகை வெப்பமும் 60 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால் பனிப்புள்ளி 26 பாகை. வங்கக் கடலுக்கு இத்தனை அருகில் இருக்கும் நம் பகுதிக்கு இவை மிகையான எண்கள் அல்ல. விரிப்பை 18 பாகைக்குக் குளிரவைத்தால் நீரிட்ட செம்புக் குடத்தின் புறத்தே முத்து அரும்புவதுபோல் குழாய்களின் மேலும், உடல் மறைக்காத விரிப்பின் மேலும் நீர் அரும்பும். பிறகு பஞ்சில் பூஞ்சை, பூஞ்சையின் வாடை. பரிந்துரைப் பட்டியல்கள் இதைப் பேசாததற்குக் காரணம் உண்டு: வறண்ட காற்று உள்ள அறைகளையும் ஏற்கெனவே குளிரூட்டப்பட்ட அறைகளையும் கண்டு எழுதப்பட்டவை அவை. தமிழில் பெயர்த்தவர்கள் சொற்களைப் பெயர்த்தார்கள், காற்றைப் பெயர்க்கவில்லை.

எயிட் ஸ்லீப் படுக்கையின் விலை இரண்டாயிரம் டாலருக்கு மேல். 2025 அக்டோபர் 20 அன்று அமேசான் நிறுவனத்தின் கணினி மையங்கள் முடங்கியபோது, இணையத்தை நம்பியிருந்த அப்படுக்கைகளிற் பல கட்டளை கேளாமல் நின்றன. சில சூட்டிலேயே நின்றன, சில தலைப்பக்கம் தூக்கியபடியே நின்றன. இணையமின்றியும் இயக்கும் வழியை அந்நிறுவனம் பின்னர்ச் செய்து தந்தது. ஆயினும், படுத்திருப்பவர் தம் கட்டிலைக் குளிர்விக்க வர்ஜீனியாவில் ஒரு கட்டடம் விழித்திருக்க வேண்டும் என்று வகுத்த அறிவை என்னென்பது!

இனி உறங்குபவரைப் பார்ப்போம். மனித உடலின் உள்வெப்பம் ஒரு நாளுக்குள் ஏறி இறங்குவது. முன்னிரவில் இறங்கத் தொடங்கி விடியலுக்குச் சற்று முன் மிகத் தாழும். ஏறக்குறைய ஒரு பாகை இறக்கம். அந்த இறக்கம்தான் உறக்கத்தின் வாயில். கைகால்களின் குருதி நாளங்கள் விரிந்து சூட்டை வெளியேற்றினால்தான் வாயில் திறக்கும். இரவுப் பணியாளர் படுப்பது உள்வெப்பம் ஏறுமுகமாக இருக்கும் காலையில். அவருடைய உடற்கடிகாரமே அவருக்கு எதிராக ஓடுகிறது. வெளியே சித்திரை வெயில். மேலே கல்நார் அல்லது இரும்புத் தகடு. நடுப்பகலில் 50 பாகையைக் கடக்கும் அத்தகடு, தனக்கு நான்கடி கீழே இரண்டடுக்கு இரும்புக் கட்டிலின் மேல்தட்டில் படுத்திருப்பவர் மீது சூட்டைக் கதிராகப் பொழிகிறது. கீழ்த்தட்டில் படுத்தவருக்குக் கதிர் இல்லை, ஆனால் உத்தரத்து மின்விசிறியின் காற்றும் இல்லை. மேல்தட்டின் பலகை அதை விழுங்கிவிடுகிறது. இருவருக்கும் கீழே இருப்பது நுரைமெத்தை, முதுகின் சூட்டைப் போகவிடாமல் பிடித்துவைப்பது. எங்கள் வகுப்புகளிலிருந்து இவ்வாலைகளுக்குப் போனவர்கள் முதலில் இழப்பது இந்த உறக்கத்தைத்தான். சம்பளத்தைப் பற்றிப் பேசுபவர்கள்கூட இதைக் கேட்டால்தான் சொல்கிறார்கள், ஏதோ தம் உடலின் குறைபோல.

தங்குமிடம் பற்றி இந்நாடு ஒருமுறை பேச நேர்ந்தது. 2021 டிசம்பரில் பூந்தமல்லியில் ஒரு விடுதியில் உணவு கெட்டு, சுங்குவார்சத்திரம் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழியர் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். தரையில் நெருக்கிப் படுக்கவைக்கப்பட்ட அறைகளைப் பற்றி உலகம் அப்போதுதான் படித்தது. தங்குமிடங்கள் சிலவும் உணவுக்கூடங்களும் தம் தரத்துக்கு உரியவையாக இல்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டு ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. ஆலை 2022 ஜனவரி 12 அன்று மீண்டும் திறந்தது. 2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் சிப்காட் கட்டிய குடியிருப்பை முதலமைச்சர் ஸ்டாலின் திறந்து வைத்தார். பதின்மூன்று கட்டடங்கள், ஒவ்வொன்றிலும் 240 அறைகள், அறைக்கு ஆறு பேர், ஆக 18,720 படுக்கைகள். நற்செயல்தான், அதைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. தகட்டுக் கூரையைவிடப் பத்து மாடிக் கான்கிரீட் கட்டடத்தின் ஐந்தாம் மாடி எவ்வளவோ மேல். ஆனால் அந்த எண்ணிக்கைக்குள் வராதவர்களே இச்சாலையில் மிகுதி. ஒரகடத்தைச் சூழ்ந்த ஊர்களில், வீட்டுக்காரர் மாடியில் தகடு போட்டு எழுப்பிய அறைகளில், வடமாநிலத்தவரும் தென்மாவட்டத்தவருமாகப் படுத்திருக்கும் ஒப்பந்தத் தொழிலாளர் அவர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று நண்பர்கள் கேட்கலாம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 13ஆம் பிரிவு, பணிக்கூடத்தின் சுவரும் கூரையும் வெப்பத்தை இயன்ற அளவு தாழ்த்தி வைக்கும் பொருளால் ஆகியிருக்க வேண்டும் என்று வகுத்தது. (2025 நவம்பரில் அச்சட்டத்தின் இடத்துக்குப் புதிய தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது.) எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே கூரையைப் பற்றி நினைத்த சட்டம், ஆனால் தொழிலாளி விழித்திருக்கும்போது அவர் தலைக்கு மேல் இருக்கும் கூரையை மட்டும். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலைக்கு வானிலைத் துறை வைத்திருக்கும் வரம்போ சமவெளியில் 40 பாகை, கடலோரத்தில் 37 பாகை எனத் தொடங்குவது. திறந்த வெளியில், நிழற்கூண்டில் அளக்கப்படுவது. கூண்டு 36 பாகை காட்டும் நாளில் தகட்டறை என்ன காட்டும் என்பது எந்தப் பேரிடர்க் கணக்கிலும் ஏறாது.

மறுபக்கத்திலிருந்து வரும் ஒரு குரலையும் நாம் விட்டுவிட இயலாது. இதெல்லாம் எதற்கு, கோரைப்பாயும் வேப்பமர நிழலும் நம் முன்னோருக்குப் போதவில்லையா என்பது அது. இலக்கியம் பயின்றவர்களே இதை மிகுதியும் சொல்கிறார்கள் என்பதால் இலக்கியத்திலிருந்தே மறுமொழி தருவோம். நெடுநல்வாடையில் வேனிற்காலத்துக்கென்றே ஒரு பள்ளியறை வருகிறது. தென்றலை உள்ளே கொணரும் சாளரங்கள் கொண்டது, வாடைக்காலமாதலால் அவை அடைத்துக் கிடக்கின்றன. அது பெருநகரத்து மேன்மாடம். ஊரார் அனைவருக்கும் இருந்த அறை என்று அதைக் காட்டி எவரேனும் பெருமைப்பட்டால் அவர் பாட்டைப் படிக்கவில்லை என்க. புறநானூற்று 50ஆம் பாட்டின் கதை நம் எல்லோருக்கும் மனப்பாடம்: முரசு கட்டிலில் அறியாது ஏறி உறங்கிய மோசிகீரனாரைத் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை வாளால் வெட்டாமல் கவரி வீசிக் குளிர்வித்தான். வகுப்பறைதோறும் நாம் சொல்லி வியக்கும் நிகழ்ச்சி. வியப்பின் காரணம் என்ன? வீச வேண்டிய கை மாறியிருப்பது. மற்ற நாள்களில் அரசன் உறங்க, வேறு கைகள் வீசின. கம்பெனிக் காலத்துச் சென்னையில் துரைமார் உறங்க, இரவெல்லாம் தாழ்வாரத்தில் அமர்ந்து பங்கா இழுத்த கைகளும் அத்தகையவையே. குளிர்ந்த உறக்கம் இந்த நாட்டில் என்றும் பிறருடைய விழிப்பின்மேல் விரிக்கப்பட்டதாகவே இருந்திருக்கிறது. வேப்பமர நிழலோ பகலில் உறங்குபவருக்கு வேண்டும். இருங்காட்டுக்கோட்டையில் அது எங்கே மிஞ்சியிருக்கிறது என்று காட்டினால் நாமும் பாயோடு வருகிறோம்.

இருங்காட்டுக்கோட்டை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1998 முதல் கார் செய்துவரும் அங்குள்ள ஹூண்டாய் ஆலையில்தான் கிரெட்டா செய்யப்படுகிறது. 2020இல் வந்த மாதிரியிலிருந்து அதன் உயர்ரக வண்டிகளின் முன்னிருக்கைகளுக்குள் சிறு விசிறிகள் உண்டு. துளையிட்ட உறையின் வழியே காற்றோடி, அமர்ந்தவரின் முதுகு வியர்வையை அவை உலர்த்தும். ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் ஆலை குளிர்பதனப் பெட்டிகள் செய்கிறது. 2024 செப்டம்பர், அக்டோபரில் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஆலை. ஆக, காய்கறிக்கும் காரோட்டியின் முதுகுக்கும் குளிர்ச்சி செய்து அனுப்பும் வட்டாரம் இது. அந்த விசிறியைக் கட்டிலுக்குள் வைக்கும் நுட்பம் இங்கில்லை என்று யாரும் நம்மிடம் சொல்ல வேண்டாம்.

உண்மையில் அதுதான் நம் காற்றுக்கு ஏற்ற நுட்பமும்கூட. தோலின் வெப்பம் 35 பாகை, காற்றின் பனிப்புள்ளி 26 பாகை என்றால் ஈரக்காற்றிலும் வியர்வை ஆவியாகவே செய்யும். காற்று நகர்ந்தால் போதும். குளிர்நீர் விரிப்பு தேடுவதைவிட, முதுகுக்குக் கீழே காற்று நகர வழிசெய்வதே அறிவுடைமை. நுரைமெத்தையை எடுத்துவிட்டு நாடாவோ நாரோ பின்னிய கட்டில். அதன் மேல் ஒரு பாய் அல்லது மெல்லிய பருத்தி விரிப்பு. கட்டிலடியில் மேல்நோக்கி ஒரு சிறு விசிறி. ஏறக்குறைய 30 வாட்டில் ஓடும் விசிறிகள் இன்று கடைகளில் கிடைக்கின்றன. இரண்டடுக்குக் கட்டிலாயின் தட்டுக்கு ஒரு விசிறி. பெட்ஜெட் வகையை வாங்க வல்லவர்கள் வாங்கலாம், ஆனால் அது ஊதுவது அறைக்காற்றையே. அறை 40 பாகையில் இருக்குமாயின் ஊதும் காற்றும் 40 பாகை என்பதை அறிந்து வாங்கட்டும். ஆகவே எல்லாவற்றுக்கும் முன்னால் கூரை. தகட்டின் மேல் வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு, தகட்டுக்குக் கீழே இடைவெளி விட்டு ஒரு உட்கூரை, பகல் வெளிச்சத்தை மறைத்துக் காற்றை மறைக்காத திரை. கருவிகளின் விலையோடு ஒப்பிட்டால் இவை சில்லறைச் செலவு. செய்யப்படாமைக்குக் காரணம் செலவு அன்று. அறை வீட்டுக்காரருடையது, ஆள் ஒப்பந்தக்காரருடையவர், உழைப்பு மட்டும் ஆலையுடையது என்று மூவரும் பிரித்துவைத்திருக்கும் பொறுப்பே.

இப்பிரிவினையில் கல்லூரிகளும் நான்காம் பங்காளிகள். ஆண்டுதோறும் வேலைவாய்ப்பு முகாம் நடத்தி, பந்தல் போட்டு, ஆள் எடுக்க வருவோருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். சம்பளம், பேருந்து, உணவு என்று படிவத்தில் கட்டங்கள் இருக்கின்றன. இன்னொரு கட்டம் சேர்க்கலாம்: இரவுப் பணியாளர் உறங்கும் அறையில், மே மாதம், பிற்பகல் 2 மணிக்கு, மேல்தட்டுக் கட்டிலின் தலைமாட்டில் எத்தனை பாகை? சுவரில் மாட்டும் வெப்பமானி சில நூறு ரூபாய்தான். விடை எழுத மறுக்கும் நிறுவனத்தின் பெயரை மாணவர்களுக்கு வாசித்துக் காட்டும் துணிவு முதல்வர்களுக்கு உண்டா என்பதை வரும் பங்குனிக்குள் அறிந்துகொள்ளலாம்.