கொடிக்குப் பின்னால் ஓடத்தான் போகிறீர்களா?



நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாக ஒரு சுற்றுலா விளம்பரம் சுற்றுகிறது. பத்து நாளில் ஆறு நாடு. அதில் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகருக்கு மூன்று மணி நேரம், மதியச் சாப்பாடும் சேர்த்து! ஓய்வூதியப் பணத்தில் வாழ்நாளில் ஒரு முறை போகிறவர்களுக்கு இதுவா பயணம்? பள்ளி ஆய்வாளர் கூட வகுப்பில் இதைவிட அதிக நேரம் உட்காருவார்.

"கைடு இல்லாமல் வழி தெரியுமா அண்ணா?" என்று தங்கை கேட்டிருக்கிறாள். வழி தவறுவதற்கு அந்தப் பழைய நகரம் அவ்வளவு பெரிதில்லை, அம்மா. ரயில் நிலையத்திலிருந்து பெரிய கதீட்ரல் பத்து நிமிட நடை. அங்கிருந்து ஆர்னோ ஆற்றின் பழைய பாலத்துக்கு இன்னொரு பத்து நிமிடம். சுற்றுலாப் பேருந்து எப்படியும் கதீட்ரல் வாசலுக்கு வராது. பணம் கட்டியவர்களும் நடக்கத்தான் வேண்டும், யாரோ பிடித்த கொடிக்குப் பின்னால், யாரோ ஒருவரின் வேகத்தில். நடப்பதென்று ஆனபின் நம் வேகத்தில் நடந்தால் என்ன?

அந்தப் பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். "தங்க நகைக்கடைகள், ஐந்து நிமிடம், போட்டோ எடுங்கள்" என்று கூட்டம் நகர்ந்துவிடும். 1593 வரை அங்கே இருந்தவை கறிக்கடைகள். ஆட்சியாளர் முதலாம் ஃபெர்டினாண்டோ அவர்களை வெளியேற்றிப் பொற்கொல்லர்களைக் குடியேற்றினார். பாலம் 1345இல் கட்டியது, ஆனால் அதன் இரு முனைகளிலும் உள்ள கட்டடங்கள் மட்டும் ஏன் புதிதாக இருக்கின்றன? நின்று பார்ப்பவருக்குத்தான் இந்தக் கேள்வியே வரும். 1944 ஆகஸ்டில் பின்வாங்கிய ஜெர்மன் படை மற்றப் பாலங்களை எல்லாம் தகர்த்தது. இதை மட்டும் விட்டுவிட்டு, இரு பக்கமும் இருந்த பழைய வீடுகளை இடித்து வழியை அடைத்தது.

சாந்தா குரோச்சே தேவாலயத்துக்குப் போகும் வழியில் சான் ரெமிஜியோ என்றொரு சின்னத் தெரு. அதன் முனைச் சுவரில் இரண்டு கல்வெட்டுகள். ஒன்று 1333 வெள்ளம் ஏறிய உயரம், ஒரு கை நீர்மட்டத்தைச் சுட்டுவதுபோல் செதுக்கியது. அதற்கும் மேலே 1966 வெள்ளம். இரண்டும் நவம்பர் 4ஆம் தேதி! அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம். அந்த மூன்று மணி நேரத்தில் இந்தத் தெருவுக்கு இடமிருக்குமா?

கைடுகள் மேல் எனக்குக் கோபமில்லை. உஃபிட்ஸி ஓவியக்கூடத்துக்குள் இரண்டு மணி நேரம் ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள், நல்லதுதான். முழங்கால் வலிக்காரர்கள் கதீட்ரல் குவிமாடத்தில் ஏற வேண்டாம், 463 படிகள், லிஃப்ட் கிடையாது. தேவிட் சிலையின் அசல் அக்காதெமியாவில் இருக்கிறது, அதற்கு முன்பதிவு அவசியம். சதுக்கத்தில் நிற்பது நகல். இன்னொன்று, வீட்டு எண்களில் சிவப்பு கடைக்கு, நீலமோ கறுப்போ குடியிருப்புக்கு. ஒரே தெருவில் இரண்டு பத்தாம் எண் இருக்கும், குழம்பாதீர்கள்.

சாப்பாட்டுக்குப் பயப்படும் அத்தைமார்களுக்கு: ரொட்டி, பீன்ஸ், கீரை போட்டுக் கொதிக்கவைத்த சூப் அங்கே ஊர்ச் சாப்பாடு. ரொட்டியில் மட்டும் உப்பே இருக்காது, ஊறுகாய் பாட்டில் கைவசம் இருக்கட்டும்.

பதினைந்தாம் தேதிக்குள் முன்பணம் கேட்கிறார்களாம். கட்டாதீர்கள். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள், வரைபடத்தை விரித்து உட்காருவோம்.